கழற்றி மாட்டும் சைக்கிள் நிழற்குடை: கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர். வழியாகச் சைக்கிளில் போகிறவருக்கு மாமல்லபுரம் வரை கவலை இல்லை. டீக்கடை, இளநீர், பெட்ரோல் பங்க், ஒதுங்க நிழல் எல்லாம் உண்டு. கல்பாக்கம் தாண்டிய பிறகுதான் சாலை தன் வேலையைக் காட்டும். கூவத்தூர், கடப்பாக்கம், மரக்காணம் என ஊர்கள் வந்தாலும், அவற்றுக்கு நடுவே வெட்டவெளி நீண்டு கிடக்கும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய பகுதியில் மதிய வெயிலில் நிற்க ஒரு மரம் கிடைப்பதே அரிது. சாலையை அகலப்படுத்தும் பணிக்காக ஓரத்து மரங்கள் பல வெட்டப்பட்டபின் நிலைமை இன்னும் மோசம். இங்கே சைக்கிள்காரர் ஒதுங்கவும் படுக்கவும் சாலையோர நிழற்குடை ஒன்றை எப்படிக் கட்டுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

இந்தச் சாலையில் இரண்டு வகை நெடுந்தூர ஓட்டிகள் வருகிறார்கள். பிரெவே எனப்படும், நேர வரம்புள்ள நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொள்கிறவர்கள் ஒரு வகை. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்திலும், 300-ஐ 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் இரவில் எங்கேயாவது ஒரு மணி நேரம் முதுகைச் சாய்த்தே ஆக வேண்டும். இப்போது அவர் சாய்வது ஏ.டி.எம். வாசலில், மூடிய கடைத் திண்ணையில், அல்லது பஸ் ஸ்டாப் பெஞ்சில். இன்னொரு வகை, பைகளை மாட்டிக்கொண்டு கன்னியாகுமரி வரை நிதானமாகப் போகிறவர்கள். இவர்களோடு, ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இதே சாலையில் நடந்து போகும் பெருங்கூட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள்காரருக்கு மட்டும் என்று கட்டினால் வருடத்தில் பாதி நாள் அது காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடக்கிற எதுவும் நம் சாலையோரத்தில் நிலைப்பதில்லை.

ஏன் கழற்றி மாட்டும் அமைப்பு? அழகுக்காக இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இந்தச் சாலை நான்கு வழிச்சாலையாக மாறிவருகிறது. இன்றைக்கு ஓரமாக இருக்கிற இடம் நாளைக்கு வண்டி ஓடும் இடமாகலாம். கடையை நடத்துகிறவர் மாறலாம். புயல் ஒரு மூலையைப் பிய்த்துப் போடலாம். எந்தத் துண்டையும் உள்ளூர் ஆள் கழற்றி, சரிபார்த்து, மாட்ட முடிந்தால்தான் நிழற்குடை பத்து வருடம் தாண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஓர் எண்ணத்தைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது.

படி 1: இடம்

கணினியில் படம் வரைவதற்கு முன்னால் சாலையை ஓட்டிப் பாருங்கள். மே மாதம் பகல் 11 மணிக்கு ஒரு தடவை, நள்ளிரவுக்குப் பிறகு ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை. மூன்று வேளையும் உடம்பு எங்கே நிற்கச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பளுவோடு போகிறவர் மணிக்கு 15 முதல் 18 கிலோமீட்டர் போவார். பிரெவே ஓட்டி 20 முதல் 25. ஆகவே 30 முதல் 40 கிலோமீட்டருக்கு ஒரு நிழற்குடை என்றால் யாருக்கும் இரண்டு, இரண்டரை மணி நேரத்தைப் பெரிதாகத் தாண்டாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிரே வீசும்போது இந்த இடைவெளியே நீளமாகத் தெரியும். அதனால் 30 பக்கமே நில்லுங்கள்.

பலரும் ஆசைப்படுவது காயல் தெரிகிற, ஆளரவமற்ற அழகான இடத்தை. வேண்டாம். ஊர் எல்லையில், நேரத்துக்குத் திறக்கிற டீக்கடை ஒன்றின் பார்வை படும் தூரத்தில் வையுங்கள். இரவில் தனியாக ஓட்டி வரும் பெண்ணுக்கு அந்த ஒரு விளக்கும் ஒரு குரலும் கூரையைவிட முக்கியம்.

எந்தப் பக்கம் என்பதும் பெரிய கேள்வி. நான்கு வழிச்சாலையில் நடுவே தடுப்பு வந்துவிடும். புதுச்சேரி நோக்கிப் போகிறவர் சாலையின் கிழக்குப் பக்கத்தில் இருப்பார், சென்னைக்குத் திரும்புகிறவர் மேற்குப் பக்கத்தில். எதிர்ப்பக்க நிழற்குடைக்காகக் களைத்த ஆள் நான்கு வழிச்சாலையைக் குறுக்கே கடப்பது ஆபத்து. ஒன்று, தடுப்பில் திறப்பு உள்ள இடத்துக்குப் பக்கத்தில் அமையுங்கள். இல்லையென்றால் ஒன்று விட்டு ஒன்று இரு பக்கமும் மாற்றி மாற்றி அமையுங்கள்.

அனுமதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நெடுஞ்சாலைக்குச் சொந்தமான ஓர நிலத்தில் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு குழிகூட வெட்ட முடியாது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். காயல், முகத்துவார ஓரங்களுக்குத் தனி வரம்பு உண்டு. இந்தச் சாலை பல இடங்களில் இரண்டையும் தொட்டுக்கொண்டு போகிறது. எளிய வழி: கடைக்காரரின் பட்டா நிலம் அல்லது ஊராட்சி நிலம், அப்புறம் கிராம சபையில் ஒரு தீர்மானம். நிலத்தைப் பார்க்கும்போது பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தரை மட்டம் அதற்கு மேல் வர வேண்டும்.

படி 2: உடம்பையும் வண்டியையும் அளந்துகொள்ளுங்கள்

வந்து இறங்குகிற ஆளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இடுப்பு நிமிராது. உள்ளங்கை மரத்திருக்கும். காலில், பெடலில் மாட்டிக்கொள்ளும் கட்டை, அதாவது கிளீட், வைத்த ஷூ இருக்கும். அவருக்கு முதலில் வேண்டியது உட்காருவதுகூட இல்லை, நின்றபடியே எதன் மேலாவது சாய்வது.

நம் சாலையோரங்களில் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் இன்னும் நிற்கிறது. நட்ட கல் இரண்டு, குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை நகர்த்தி வைத்துவிட்டு நிமிரலாம். மூன்றே துண்டு, ஓர் ஆணி கிடையாது. நிழற்குடையின் வாசலில் இதையே ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் வைத்தால் முழங்கை ஊன்றிக் குனிந்து முதுகை நீட்டலாம், வண்டியையும் சாய்த்து வைக்கலாம். வேலூர்ப் பக்கமோ வானூர்ப் பக்கமோ குவாரிகளிலிருந்து வரும் கருங்கல் இதற்குப் போதும். துருப்பிடிக்காது, யாரும் தூக்கிக்கொண்டும் போக மாட்டார்கள்.

உட்காரவும் படுக்கவும் தனித்தனி இருக்கை வேண்டாம். ஒரே திண்ணை: 45 சென்டிமீட்டர் உயரம், 70 சென்டிமீட்டர் அகலம், ஆளுக்கு 190 சென்டிமீட்டர் நீளம். பல ஊர்களில் யாரும் படுத்துவிடக் கூடாது என்று பெஞ்சுக்கு நடுவே கைப்பிடி வைக்கிறார்கள். இங்கே படுப்பதற்குத்தான் கட்டுகிறோம். 20 நிமிடக் குட்டித் தூக்கம் ஓர் ஓட்டியை லாரிச் சக்கரத்திலிருந்து காப்பாற்றும்.

தரையில் பளபளக்கும் டைல்ஸ் போடவே கூடாது. ஈரக் கிளீட்டோடு அதில் கால் வைத்தால் விழுவது நிச்சயம். கொத்திய கருங்கல்லோ, துடைப்பத்தால் கீறிவிட்ட சிமெண்ட் தரையோ போதும்.

சைக்கிளின் நீளம் சுமார் 1.8 மீட்டர், ஹேண்டில்பார் அகலம் 65 சென்டிமீட்டர் வரை. பக்கவாட்டுப் பைகள் மாட்டிய வண்டிக்காக ஸ்டாண்டுகளுக்கு நடுவே ஒரு மீட்டர் விடுங்கள். கவிழ்த்த 'ப' வடிவக் குழாய், 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரம், இதுவே நல்ல ஸ்டாண்ட். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். ஸ்டாண்டைக் கூடத்துக்கு வெளியே தள்ளிவிடாதீர்கள். படுத்திருப்பவர் கண் விழித்தால் வண்டி தெரிய வேண்டும், முடிந்தால் கை எட்ட வேண்டும். வண்டி கண்ணில் படாவிட்டால் நெடுந்தூர ஓட்டிக்குத் தூக்கம் வராது.

படி 3: ஓர் அலகின் அளவு

இரும்புக் குழாய்கள் கடையில் 6 மீட்டர் நீளத்தில் வருகின்றன. அதனால் அலகின், அதாவது நிழற்குடையின் ஒரு கட்டத்தின், அடிப்படை அளவை 3 மீட்டர் என்று வைத்தால் ஒவ்வொரு குழாயும் சரிபாதியாக வெட்டுப்படும். துண்டு, துக்கடா மிஞ்சாது. கூரைத் தகடு 12 அடி நீளத்தில், அதாவது 3.66 மீட்டரில் கிடைக்கும். 3 மீட்டர் அலகின் மேல் வைத்தால் இரு பக்கமும் ஓர் அடிக்கு மேல் தாழ்வாரம் தானாக வரும். தகடு ஒன்று ஒரு மீட்டர் அகலத்தை மூடும் என்று கொண்டால் ஓர் அலகுக்கு நான்கு தகடுகள். நீடித்த வடிவமைப்பு என்பதில் பாதி இந்த மாதிரி சந்தை அளவுகளோடு ஒத்துப்போவதுதான். சரி, இனி எல்லாக் கணக்கும் இந்த 3 × 3 மீட்டர் சட்டகத்தை வைத்தே.

சட்டகம் ஒன்றுதான், உள்ளே வருவது மட்டும் மாறும். திண்ணை வைத்தால் படுக்கை அலகு. ஸ்டாண்டும் பழுது பார்க்கும் மேடையும் வைத்தால் வண்டி அலகு. தொட்டியும் குழாயும் வைத்தால் தண்ணீர் அலகு. சிறிய ஊருக்கு இரண்டு போதும். கூட்டம் வரும் இடத்தில் நான்கைந்து வரை வரிசையாக இணைக்கலாம். பக்கத்து அலகோடு தூணைப் பகிர்ந்துகொள்ளும்படி இணைத்தால் இரும்பு மிச்சம்.

மூன்று கட்டுப்பாடுகளை முதல் நாளே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

- எந்தத் துண்டும் இரண்டு பேர் தூக்கும் எடையைத் தாண்டக் கூடாது. 80 × 80 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சதுரக் குழாய் மீட்டருக்கு 9 கிலோ சொச்சம், 3 மீட்டர் தூண் 28 கிலோ. இது சரியான எடை.
- எல்லா இணைப்புக்கும் ஒரே அளவு போல்ட், 12 மில்லிமீட்டர். ஒரே ஸ்பேனரில் முழுக் கட்டடமும் கழல வேண்டும்.
- கட்டுமிடத்தில் வெல்டிங் இல்லை. பட்டறையிலேயே பற்றவைத்து, துளை போட்டு, பூச்சு கொடுத்து, குட்டி யானையில் ஏற்றி வர வேண்டும்.

மூன்றாவதை மீறத் தோன்றும். ஒரு துளை தள்ளிப் போயிருக்கும், வெல்டர் பக்கத்திலேயே இருப்பார். அங்கே பற்றவைத்தால் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அந்த இடத்தில்தான் முதல் துரு தொடங்கும். துளைகளை நீள்வட்டமாகப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

படி 4: காற்று

வடிவமைப்பில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரிக்கு அருகே வந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை ஏறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் மறுபடி புதுச்சேரிப் பக்கம். நாம் கட்டப்போகும் இதே நீட்சியில்தான் இவ்வளவும்.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, பகுதி 3-இன்படி இந்தக் கரையோரத்தின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அழுத்தத்துக்கான சூத்திரம் எளியது: வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்க வேண்டும். 50 × 50 × 0.6 = 1,500 நியூட்டன், ஒரு சதுர மீட்டருக்கு. நம் கணக்கில் சுமார் 150 கிலோ. திறந்த கூடத்தில் இந்த விசை கூரையை மேல்நோக்கித் தூக்கும். நம் கூரை 3.66 × 4 மீட்டர், சுமார் 14.6 சதுர மீட்டர். ஆக, ஓர் அலகின் கூரையைக் காற்று ஏறத்தாழ 2.2 டன் பலத்தோடு மேலே இழுக்கலாம். சட்டகமும் தகடும் சேர்ந்தே சில நூறு கிலோதான். நிழற்குடை கீழே விழுமோ என்று பயப்படுகிறோம், உண்மையான பயம் அது பறப்பதில் இருக்க வேண்டும்.

நான்கு தூண்களுக்குப் பகிர்ந்தால் தூணுக்கு 550 கிலோ. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 825. 70 சென்டிமீட்டர் பக்கமுள்ள கான்கிரீட் கனசதுரம் ஒன்றின் எடை கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, புயலோடு மழையும் வரும், நிலத்தடி நீர் மேலே ஏறும். நீரில் மூழ்கிய கான்கிரீட்டின் பயனுள்ள எடை நாற்பது சதவீதம் வரை குறைந்துவிடும். இரண்டு, கான்கிரீட்டைப் புதைத்தபின் நிழற்குடையை இடம் மாற்றுவது எப்படி?

எனக்குப் பிடித்த தீர்வு கல் கூடை. ஆற்றங்கரைகளிலும் மலைச்சாலை ஓரங்களிலும் கம்பி வலைப் பெட்டிக்குள் கருங்கல் நிரப்பி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேபியன் என்பார்கள். தூணின் அடியில் அகலமான இரும்புச் சட்டம் ஒன்றைப் போல்ட் போட்டுத் தரையில் வைத்து, அதன்மேல் 1 × 1 × 0.5 மீட்டர் கூடையைக் கட்டிக் கல்லை நிரப்ப வேண்டும். கல்லுக்கு நடுவே இடைவெளி போக, கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 800 கிலோ வரும். தரைக்கு மேலேயே இருப்பதால் நிலத்தடி நீர் அதைத் தொடாது. இடம் மாற்ற வேண்டுமா, கல்லை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு தூண்களின் கூடைகளுக்கு நடுவே 2 மீட்டர் மிஞ்சும். அங்கே பனைச் சட்டங்களைக் குறுக்கே போட்டால் அதுதான் திண்ணை. அரை மீட்டர் உயரக் கூடையில் ஒரு சிறு பள்ளம் விட்டுச் சட்டத்தை இறக்கினால் 45 சென்டிமீட்டர் கிடைத்துவிடும். எடைக்காக வைத்ததே இருக்கையைத் தாங்குகிறது. வலைக் கம்பி மட்டும் துத்தநாகப் பூச்சின் மேல் பி.வி.சி. உறை போட்டதாக இருக்கட்டும். வெறும் கம்பி இந்த உப்புக் காற்றில் சீக்கிரம் அறுந்துபோகும்.

மணல் ஆழமாக உள்ள இடத்தில் திருகு ஆணித் தூண்களும் நல்ல தேர்வு. சுழற்றி இறக்கலாம், எதிர்த் திசையில் சுழற்றி எடுக்கலாம்.

தூக்குவதோடு காற்று பக்கவாட்டிலும் தள்ளும். ஒவ்வொரு தூணின் தலையிலும் இரு திசைகளில் சாய்கட்டை தேவை. தகடுகளைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு அகலமான வாஷர் போடுங்கள். பெரும்பாலும் தகடு உடைவதில்லை, போல்ட்டைச் சுற்றிக் கிழிந்துகொண்டு போகிறது. மேலே சொன்னது தொடக்க மதிப்பீடு. மேல்நோக்கிய விசை கூரைச் சரிவுக்குத் தக்கபடி மாறும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

படி 5: வெயிலும் மழையும்

புதுச்சேரியும் சென்னையும் 12 முதல் 13 பாகை அட்சரேகையில் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல். ஆகவே வெயிலைத் தடுக்கிற முக்கிய வேலை கூரையுடையது, சுவருடையது அல்ல.

வெறும் தகரக் கூரைக்குக் கீழே மதியம் படுத்தவர்களுக்கு அந்த அனல் தெரியும். இரண்டு அடுக்கு போடுங்கள். மேலே அலுமினியம்-துத்தநாகப் பூச்சுத் தகடு, மழைக்கும் காற்றுக்கும். கீழே ஒரு முழம் தள்ளி, மூங்கில் தட்டியோ பனையோலைப் பாயோ. நடுவே காற்று ஓடுகிற இடம். தகடு வாங்கும் சூட்டை அந்த ஓட்டம் இழுத்துக்கொண்டு போகும். பாய் கிழிந்தால் சட்டத்தோடு கழற்றிப் புதிதாக முடையச் சொல்லலாம். ஓடு வேயலாமே என்று கேட்பார்கள். மங்களூர் ஓடு குளுமைதான், ஆனால் சதுர மீட்டருக்கு 40 கிலோ பக்கம்தான் எடை. 150 கிலோ இழுப்புக்கு முன்னால் ஒவ்வோர் ஓட்டையும் கம்பியால் கட்டவேண்டி வரும், அதுவும் தப்பிப் பறந்தால் கொல்லும்.

சுவர் என்று பார்த்தால் மேற்கே மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக மறைப்பு வேண்டும், பிற்பகல் வெயில் அங்கிருந்துதான் சாய்ந்து வரும். கிழக்கும் தெற்கும் திறந்திருக்கட்டும், கடற்காற்று நுழைய. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்த மூலையில் கழற்றக்கூடிய சாய்தட்டிகள் போதும். எந்தத் தட்டியும் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் தொடங்கட்டும். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியும், மூலையில் யாரும் பதுங்க முடியாது, தண்ணீரும் தேங்காது. வாசல் இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். ஓலை இருக்கிற இடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

படி 6: உப்பு

இந்தச் சாலையில் வெறும் பெயின்ட் அடித்த இரும்பு ஒரு மழைக்காலம் தாண்டியதும் கொப்புளிக்கும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு, 85 மைக்ரான் தடிமனாவது இருக்கட்டும். சென்னையைச் சுற்றி இதைச் செய்து தரும் ஆலைகள் உண்டு. முக்குவதற்கு முன்பே எல்லாத் துளைகளும் முடிந்திருக்க வேண்டும், மூடிய குழாய்களுக்குக் காற்றுப்போக்கித் துளையும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது உருக்குத் தொட்டியில் வெடிக்கும். போல்ட்டுகளுக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 மலிவு, கடலோரத்தில் சில மாதத்தில் பழுப்புக் கறை கிளம்பும். மாட்டும்போது கிரீஸ் தடவ மறக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் நட் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் இறுகிக்கொண்டால் பிறகு ரம்பம்தான்.

மரம் பயன்படுத்தக்கூடிய எல்லா இடத்திலும் மரத்தையே பயன்படுத்துங்கள் என்பேன். மரக்காணம், கடலூர்ப் பக்கம் சவுக்கு தாராளமாக விளைகிறது. ஆனால் மண்ணைத் தொட்டால் கரையான் விடாது. இரும்புச் செருகியில் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் தூக்கி வைக்க வேண்டும். திண்ணைச் சட்டத்துக்கு முற்றிய பனை. வயிரம் பாய்ந்த கருத்த பகுதிதான் வேண்டும், வெளுத்த உள்பகுதி உளுத்துப்போகும். பூச்சுக்குப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் அருமையான சரக்கு, படகுக்கும் மரத்துக்கும் பழைய நாளிலிருந்தே பூசுவார்கள். தோலைப் பொத்துவிடும் என்பதால் கையுறை அவசியம். உட்காரும் பரப்பில் பூசாதீர்கள், அடிப்பக்கத்துக்கும் தூணுக்கும் மட்டும்.

படி 7: தண்ணீர், கழிப்பறை

ஒரு மில்லிமீட்டர் மழைக்கு நம் கூரை 11 முதல் 12 லிட்டர் தரும். 1,000 லிட்டர் தொட்டி ஒரு நல்ல மழை நாளில் நிறைந்துவிடும். ஆனால் இந்தக் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. தண்ணீர் அதிகம் தேவைப்படும் ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி வறண்டிருக்கும். ஆகவே மழைநீரை முகம் கழுவ, துணி நனைத்துக் கழுத்தில் போட, சங்கிலியைத் துடைக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் ஊராட்சிக் குழாயிலிருந்தோ கடைக்காரரின் கேனிலிருந்தோ வரட்டும். கோடையில் ஓர் ஓட்டி மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் குடிப்பார். குழாய்க்குக் கீழே 30 சென்டிமீட்டர் இடம் விடுங்கள், 750 மில்லி பாட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும். இந்தச் சின்ன அளவைக் கவனிக்காமல் எத்தனையோ குடிநீர்த் தொட்டிகளில் பாட்டிலைச் சாய்த்துப் பாதிதான் பிடிக்க முடிகிறது.

கழிப்பறையில் என் கருத்து பலருக்கு ஒப்பாது. முதல் நிழற்குடையோடு கழிப்பறை கட்டாதீர்கள். நிலத்தடி நீர் இவ்வளவு மேலே இருக்கிற மணலில் உறிஞ்சு குழி போட்டால் பக்கத்துக் கிணறு கெடும். சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கிற சூழல் கழிப்பறை இங்கே பொருத்தம், திருச்சி மாவட்டம் முசிறியில் அந்த வகை நன்றாகவே பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. தினம் புதிது புதிதாக வழிப்போக்கர் வந்துபோகிற இடத்தில், சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால்தான் இடம் தேர்ந்தெடுக்கும்போதே, பூட்டும் விளக்கும் உள்ள கழிப்பறையைத் திறந்துவிடும் பங்க்கோ ஓட்டலோ அரை கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.

படி 8: மின்சாரமும் வெளிச்சமும்

100 வாட் சோலார் தகடு ஒன்று, இழப்புகள் போக, நல்ல வெயில் நாளில் 400 வாட்-மணி தரும். 5 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, இரவு முழுக்க 11 மணி நேரம் எரிந்தால் 220. கைபேசி, வண்டி விளக்கு என ஐந்தாறு சார்ஜ் ஏற 80 முதல் 90. மீதி மேகமூட்ட நாளுக்கு. 12 வோல்ட், 30 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பொருந்தும். அதைத் தகட்டுக்கு அடியில் வைக்காமல் நிழலில், காற்றோட்டமுள்ள பூட்டிய பெட்டியில் வையுங்கள். சூடுதான் பேட்டரியின் எமன்.

வெளிச்சம் மஞ்சளாக, கீழ்நோக்கி, மூடாக்குப் போட்டதாக இருக்கட்டும். தூங்குகிறவருக்காக மட்டும் சொல்லவில்லை. ஜனவரி முதல் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நினைத்துச் சாலைப் பக்கம் ஊர்ந்து வந்து சாகின்றன. கடற்கரையிலிருந்து பார்த்தால் உங்கள் விளக்கு தெரியக் கூடாது. சாலையில் வருகிறவருக்கு 500 மீட்டர் முன்னால் ஒளி திருப்பும் பலகை ஒன்று போதும்.

பழுது பார்க்கும் மூலைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். வண்டியை அதன் இருக்கையில் மாட்டித் தொங்கவிட ஒரு கொக்கி, இரும்புக் கயிற்றில் கட்டிய 4, 5, 6 எண் ஆலன் கீ, இரண்டு வகை வால்வுக்கும் பொருந்தும் தரை பம்ப். முதலில் கெடுவது பம்ப்பின் தலைதான். இரண்டு தலை உபரியாக வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்துவையுங்கள். பஞ்சர் ஒட்டும் பொருளும் டியூபும் அவர் விற்கட்டும்.

படி 9: யார் பார்த்துக்கொள்வது

ஜப்பானில் ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை தீவுகளைப் பாலங்களால் இணைக்கும் ஷிமனாமி சாலையில், சுமார் 70 கிலோமீட்டர், ஓட்டிகளுக்கான ஓய்விடங்கள் பல உள்ளூர்க் கடைகளும் வீடுகளும்தான். தைவானில் காவல் நிலையங்களிலேயே பம்ப்பும் தண்ணீரும் தருகிறார்கள். ஏற்கெனவே ஆள் இருக்கிற இடத்தோடு ஒட்டி வைத்ததால்தான் அவை ஓடுகின்றன.

இங்கே டீக்கடைக்காரரோ ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுவோ பொறுப்பேற்றால் நல்லது. மாதாமாதம் ஒரு தொகை, எழுதிய ஒப்பந்தம், இரண்டும் வேண்டும். 'சேவை மனப்பான்மையில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஏழை மனிதரிடம் கேட்பது நியாயமில்லை. திரட்டும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கென்று தொடாமல் வையுங்கள். ஓலைப் பாய் முடைவதையும் தட்டி கட்டுவதையும் அதே ஊரில் கொடுங்கள்.

பலகையில் எழுத வேண்டியவை: அடுத்த தண்ணீர் எத்தனை கிலோமீட்டர், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033, சாவி யாரிடம். புயலுக்கான வேலைப் பட்டியலும் அதிலேயே இருக்கட்டும். வானிலை ஆய்வு மையம் 48 மணி நேரத்துக்கு முன்பே எச்சரிக்கை தருகிறது. அது வந்ததும் பாய், தட்டி, சோலார் தகடு, பலகை எல்லாம் கழற்றிக் கடைக்குள் போக வேண்டும், கூரை போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்க வேண்டும். புயலன்று அங்கே யாரும் ஒதுங்கக் கூடாது என்பதும் பட்டியலில் ஒரு வரி.

படி 10: ஒன்றைக் கட்டி ஒரு மழைக்காலம் காத்திருங்கள்

முதலில் தரையில் கயிறு கட்டி 3 × 3 மீட்டரைக் குறித்து, நான்கைந்து பேர் வண்டிகளோடு போய் நின்று, உட்கார்ந்து, படுத்துப் பாருங்கள். திண்ணை எங்கே இடிக்கிறது, ஹேண்டில்பார் எங்கே மோதுகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஓர் அலகு மட்டும் செய்யுங்கள். ஆவணி பிறப்பதற்குள் நிறுத்தினால் வேளாங்கண்ணி நடைக்கூட்டமும் வடகிழக்கு மழையும் அதைச் சோதித்துவிடும். தை மாதம் போய் எந்தப் போல்ட் துருத்தது, எந்தச் சட்டம் வளைந்தது, மக்கள் எங்கே துணி காயப்போட்டார்கள் என்று பார்த்து, வரைபடத்தைத் திருத்திவிட்டு இரண்டாவதைச் செய்யுங்கள்.

ஊரிடம் ஒப்படைக்கும் நாளில் திறப்பு விழாவுக்குப் பதிலாக ஒரு கழற்று விழா நடத்தலாம். உங்கள் ஆட்கள் யாரும் கை வைக்கக் கூடாது. ஊர்க்காரர்கள் நான்கு பேர், ஒரே ஸ்பேனர், ஓர் ஏணி. அலகை முழுவதும் இறக்கி மறுபடி ஏற்றட்டும். எந்தத் துண்டு அவர்களுக்குப் புரியவில்லையோ அதில் பெயின்ட்டால் எண் எழுதுங்கள். எந்தப் போல்ட்டுக்குக் கை நுழையவில்லையோ அந்த இணைப்பை மாற்றுங்கள். துண்டுகளின் பட்டியல், வரைபடம், பத்து சதவீதம் உபரி நட்டு போல்ட்டு, வாஷர், இரண்டு உபரிச் சாய்கட்டை ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு, சாவியோடு கடையில் கொடுத்துவிட்டு அடுத்த 30 கிலோமீட்டருக்கான இடத்தைப் பார்க்கப் போகலாம்.